தேவானை வாரித் தூற்றிய மண்

1972-ஆம் வருடம் ஆவணி மாதம் ஊரூர் குப்பத்துத் தேவானையின் மகள் எல்லம்மா வளர்வதை நிறுத்திக்கொண்டாள். அப்போது அவளுக்கு வயது ஒன்பது மாதம். இதை எழுதுகிற 1979 ஐப்பசியிலும் ஒன்பது மாதம்தான். சீக்கு என்று எதுவும் கிடையாது. தவழ்கிறாள், சிரிக்கிறாள், பசித்தால் குப்பமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துகிறாள். கீழே இரண்டு பல், மேலே ஒன்று; நாலாவது பல் ஏழு வருடமாக ஈறுக்குள்ளேயே வெள்ளையாகத் தெரிந்துகொண்டிருக்கிறது. அவளோடு ஒரே வாரத்தில் பிறந்த பிள்ளைகள் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு படிக்கிறார்கள். இது யாரால் வந்தது என்பது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன கிழிந்தது என்று கேட்டால், அதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

1968 மார்கழியில் ஒரு விடியற்காலை, குப்பத்தின்மேல் வெள்ளைப் பொடி பெய்தது. பனி கொஞ்சம் கட்டியாக இறங்குகிறது என்று முதலில் நினைத்தார்கள். தேவானையின் புருஷன் தங்கவேல் கட்டுமரத்தைத் தண்ணீரில் தள்ளப் போனவன், தலையில் விழுந்ததைத் தட்டி மோந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மே இது, நம்ம கருவாட்டுப் பொடி வாசன அடிக்குது" என்றான். வாசனை சரிதான். குப்பத்துப் பெண்கள் மீனை உப்புப் போட்டு மணலில் காய வைப்பார்கள். ஈ உட்காரும், மூன்றாம் நாள் புழு வைக்கும், ஒரு வாரப் பாடு குப்பைக்குப் போகும். அதனால் கடையில் நண்டு மார்க் பூச்சிப் பொடி வாங்கி, கோலப்பொடி தூவுகிற மாதிரி விரலால் மேலே ஒரு சிட்டிகை தூவிவிடுவார்கள். ஈ அண்டாது. இது தப்பு என்று அவர்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை. பாக்கெட்டின் பின்பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ எச்சரிக்கை அச்சடித்திருந்தது. இங்கிலீஷ் படித்தவர்கள் யாரும் கருவாடு காயவைக்க வருவதில்லை. அன்றைக்குப் பெய்ததை முதலில் துடைப்பத்தால் கூட்டி மண்ணெண்ணெய் டின்னில் அள்ளியவள் தேவானைதான். "காசு குட்து வாங்குறத காத்து கொண்டாந்து கொட்டுது, வாரிக்குங்கடி!" என்று அவள் போட்ட சத்தத்தில்தான் மற்ற பெண்கள் முறத்தோடு ஓடி வந்தார்கள். அந்தச் சத்தத்தை நினைத்து அவள் பின்னால் எத்தனை தடவை வாயில் அடித்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

பொடி எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. தெற்கேயிருந்து வந்து ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை வைத்து முன்னுக்கு வந்த வெள்ளைத்துரை, பிறகு நண்டு மார்க் பொடிக்கு ஏஜென்சி எடுத்தார். பிறகு பொடி செய்கிற பாக்டரியையே வாங்கினார். பாக்டரி வடக்கே ஆயிரத்து இருநூறு மைலில் இருந்தது. தன் மனைவிக்கு மூச்சு இழுப்பு உண்டு, பொடி வாசனையே ஆகாது என்பதால் தூரமாகப் பார்த்து வாங்கினதாக அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வீட்டை நல்ல காற்று வருகிற இடமாகப் பார்த்து ராஜா அண்ணாமலைபுரத்தில் கட்டினார். ஆனால் அந்தப் பொடிக்கு மக்கத் தெரியாது. தண்ணீரில் கரையாது, வெயிலில் கருகாது. வெயில் ஏறினால் மண்ணைவிட்டுக் கிளம்பும், குளிர்ந்தால் இறங்கும். மறுபடி வெயில், மறுபடி குளிர் என்று தவளை மாதிரித் தாவித் தாவி, வயல்களிலும் ஏரிகளிலும் தங்கித் தங்கி, பல மாநிலங்களைத் தாண்டி மார்கழியில் அடையாறு முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே தரைக்காற்றும் கடற்காற்றும் முட்டிக்கொள்கிற இடத்தில், குப்பத்தின்மேல் அப்படியே விழுந்தது. வருகிற வழியில் வெள்ளைத்துரையின் பங்களாவைத் தாண்டித்தான் வந்தது. அவர் மொட்டைமாடியில் ஒரு சிட்டிகை விழவில்லை. காற்றுக்கும் ஆள் பார்த்து நடக்கத் தெரிந்திருக்கிறது.

அதிலிருந்து ஒவ்வொரு மார்கழியும் பெய்தது. முதல் வருடமே குப்பத்தில் ஈ இல்லாமல் போயிற்று. மீன் குப்பத்தில் ஈ இல்லை என்பதைப் பார்க்க மந்தைவெளியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். தேவானையின் நெத்திலிக் கருவாடு வெள்ளி மாதிரி மின்னியது; ஆறு மாதம் வைத்தாலும் பூச்சி விழவில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் பாதி வீடுகளுக்கு அவள்தான் வாடிக்கை. வெள்ளைத்துரை வீட்டுச் சமையலுக்கும் அவள் கூடையிலிருந்துதான் போயிற்று. இரண்டாம் வருடம் காக்கைகள் வரவில்லை. அமாவாசைக்குச் சோறு வைத்துவிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு போனவர்கள், வேறு வழியில்லாமல் நாய்க்குப் போட்டார்கள். மூன்றாம் வருடம் பூனைகளுக்குக் கால் நடுங்கியது. அப்போதாவது யோசித்திருக்கலாம் என்று இப்போது சொல்வது சுலபம். ஈயும் புழுவும் தொலைந்ததில் கிடைத்த நிம்மதி பெரிதாக இருந்தது.

1971 கார்த்திகையில் எல்லம்மா பிறந்தாள். கலியாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள். மூன்று கரு தங்காமல் போனபிறகு தங்கியவள். தங்கவேல் கடலுக்குப் போகாமல் பத்து நாள் பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்பதாம் மாதம் வாங்கிய கால் கொலுசு பத்தாம் மாதம் இறுக்கவில்லை, பதினைந்தாம் மாதமும் இறுக்கவில்லை. பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் நஸ்ருன்னிசா வாராவாரம் தராசில் வைத்துப் பார்த்தாள். முள் ஒரே இடத்தில் நின்றது. தராசை மாற்றினாள். அதிலும் அப்படியே. கடைசியில் தேவானையிடம் ஒரு பாலாடை அளவு தாய்ப்பாலைப் பீய்ச்சி வாங்கி ஜன்னல் மேடையில் வைத்தாள். சித்திரை வெயிலில் பதினோரு நாள் கழித்தும் அது திரியவில்லை, புளிக்கவில்லை, ஓர் எறும்புகூட ஏறவில்லை. நஸ்ருன்னிசா அதை மோந்து பார்த்தாள். நண்டு மார்க் வாசனை வந்தது. பொடிக்கு மண்ணைவிட, தண்ணீரைவிடப் பிடித்த இடம் கொழுப்பு என்று அவள் எங்கோ படித்திருந்தாள். மீனின் கொழுப்பிலிருந்து பெண்ணின் கொழுப்புக்கு, அங்கிருந்து பாலுக்கு. "பொடிய இனிமே தொடாத. பாலை நிறுத்திடு தேவானை" என்றாள்.

"நிறுத்திட்டு இன்னாத்த குடுக்கறது நர்ஸம்மா?"

பசும்பாலைச் சொன்னாள். ஆற்றங்கரையில் மேய்கிற மாட்டின் பாலை வாங்கி அதே ஜன்னலில் வைத்தார்கள். அதுவும் பதினோரு நாள் கெடவில்லை. அன்றைக்குத்தான் தேவானைக்கு உடம்பு முழுக்க எரிய ஆரம்பித்தது. தன் பிள்ளைக்குத் தானே ஊட்டிவிட்டோம், கூட்டிக் கூட்டி அள்ளி, சிரித்துக்கொண்டே ஊட்டிவிட்டோம் என்கிற எரிச்சல். டின்னில் இருந்ததைக் குழி தோண்டிப் புதைத்தாள். கருவாட்டை விட்டுவிட்டுப் பச்சை மீன் விற்கப் போனாள். பாக்கெட்டில் இருந்த விலாசத்தை நஸ்ருன்னிசாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, எல்லம்மாவை இடுப்பிலும் வாசலில் கூட்டிய ஒரு முறம் பொடியைத் துணி மூடிக் கையிலுமாக 1973 வைகாசியில் தியாகராய நகருக்கு நடந்தாள். மாம்பலம் ஸ்டேஷன் கூட்டம் இடித்த இடியிலும் முறம் சிந்தவில்லை.

வெள்ளைத்துரை கெட்ட மனிதர் மாதிரிப் பேசவில்லை. அவளை உட்காரச் சொன்னார், பிள்ளைக்கு பிஸ்கட் கொடுக்கச் சொன்னார். "இந்தா பாரும்மா, பாக்டரி எங்க இருக்கு, உன் குப்பம் எங்க இருக்கு? காத்துல வர்ற தூசியில என் பேரா எழுதியிருக்கு?" என்று கேட்டார். தேவானை துணியை எடுத்துவிட்டு முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். பொடி தானாக ஒன்றுகூடி நண்டாயிற்று. எட்டுக் கால், இரண்டு கொடுக்கு, பாக்கெட்டில் உள்ளது மாதிரியே இடது கொடுக்கு கொஞ்சம் பெரிதாக. கலைத்துவிட்டு மறுபடி தட்டினாள், மறுபடி நண்டு. ஆபீஸில் இருந்த ஐந்து பேரும் பார்த்தார்கள். வெள்ளைத்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அப்போ இத்தனை வருஷமா எங்க சரக்கைத்தான் ஓசியில தூவிக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றார். அன்று மாலை அவர் வீட்டுச் சமையல்காரருக்கு ஓர் உத்தரவு போனது: குப்பத்துக்காரிகளிடம் இனிமேல் மீனோ கருவாடோ வாங்கக் கூடாது. பொடியில் ஒரு கெடுதலும் இல்லை என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தவர் போட்ட உத்தரவு இது. அவர் வீட்டு வாட்ச்மேன் முருகையன் வந்து சொன்னபோது தேவானை காறித் துப்பினாள். பொடி என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தேதான் விற்கிறான் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருடம் மனு கொடுத்தாள். எந்த ஆபீஸ் என்று சொல்லிப் பயனில்லை, எல்லாம் ஒன்றுதான். சங்கரன் என்கிற அதிகாரி மட்டும் மனுவை முழுக்கப் படித்தார். பாக்டரி வேறு மாநிலத்தில் இருக்கிறது, அது நம் கையில் இல்லை என்றார். இங்கே கொண்டுவந்து போட்டது காற்று. "காத்து எங்க டிபார்ட்மெண்ட்ல வராதும்மா."

"அப்ப எந்த டிபார்ட்மெண்ட்ல வரும் சாரு? அங்க போறேன்."

சங்கரன் நிஜமாகவே யோசித்தார். பிறகு மனுவின் ஓரத்தில் "காற்று விசாரிக்கப்பட வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பறக்காமல் இருக்க அதன்மேல் பேப்பர் வெயிட்டை வைத்தார். அந்த மனு இன்னும் அந்த வெயிட்டுக்கு அடியில்தான் இருக்கிறது.

ஏழைக்கு மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. வயிறு எரிந்தவள் எதிராளியின் வாசலில் நின்று, அவன் வாசல் மண்ணையே கைநிறைய வாரி, தன் ஊரும் பேரும் சொல்லித் தூற்றுவது. கோர்ட்டுக்குப் பயப்படாதவர்கள்கூட அதற்குப் பயப்படுவார்கள். 1974 சித்திரை, கத்திரி வெயில் உச்சியில் நிற்கும்போது, தேவானை ராஜா அண்ணாமலைபுரம் போனாள். தெரு முழுக்கத் தார். கேட்டுக்கு உள்ளே சிமெண்ட், வெளியே சிமெண்ட். குனிந்து குனிந்து பார்த்தாள். வெள்ளைத்துரையின் வாசலில் ஒரு பிடி மண் இல்லை. இப்படி ஆகலாம் என்று நினைத்துத் தன் குடிசை வாசல் மண்ணிலேயே ஒரு பிடி முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். அதை அவிழ்த்தாள். ஆறு மார்கழி பெய்த மண், பாதிக்குமேல் பொடிதான். கோபத்தில் அது அவளுக்குத் தோன்றவில்லை.

"மெட்ராஸு அடையாறு ஊரூர் குப்பம், தங்கவேலு பொஞ்சாதி தேவானை சொல்றேன்! எம்புள்ளைய வளரவுடாம பண்ணவன் ஊட்ல புள்ள வளரக்கூடாது! அந்த ஊட்டுப் பாலு கெட்டும் போவாம, ஒதவவும் ஒதவாம கெடக்கணும்! நான் அழுவுற மாரி அந்த ஊட்ல ஒருத்தி ஒக்காந்து அழுவணும்!"

வீசிய மண் கீழே விழவில்லை. தென்னை மர உயரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. தார்ச் சாலையின் சூடு அதை இன்னும் மேலே தூக்கியது. பிறகு அது வடக்கே திரும்பிப் போனதை முருகையன் பார்த்தான், மாடி ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற வெள்ளைத்துரையும் பார்த்தார்.

தேவானை காத்திருந்தாள். மூன்று வருடம், கூடை இறக்குகிற சாக்கில் வாரம் ஒருமுறை முருகையனிடம் கேட்பாள்: "ஊட்ல பாலு கெடுதா?" அவனும் சங்கடத்தோடு, "கெடுதும்மா, நேத்துகூட ஒரு சொம்பு திரிஞ்சிபோச்சி" என்பான். "பேரப்புள்ள?" "அது நல்லா மளமளன்னு வளருது. கான்வெண்ட்ல சேத்தாச்சி." அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். குப்பத்தில் மெல்லப் பேசிக்கொண்டார்கள். அவன் வாசல் மண்ணை எடுக்காமல் தன் மண்ணை எடுத்தது தப்பு, அதனால்தான் பலிக்கவில்லை என்றார்கள்.

பலித்திருந்தது. 1977 ஆடியில் தபால்காரர் அப்துல் கஃபார் ஒரு வெளிநாட்டுக் கடிதத்தோடு வந்தார். உறையில் மெட்ராஸ், அடையாறு, ஊரூர் குப்பம், தங்கவேலு பொஞ்சாதி தேவானை என்று இங்கிலீஷ் எழுத்தில் கோணல்மாணலாக இருந்தது. இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு விலாசத்தைப் பார்த்ததில்லை என்றார். நஸ்ருன்னிசா பிரித்துப் படித்தாள். பூமியின் வடக்குக் கோடியில், பாதி வருடம் வெயிலே படாத ஊரிலிருந்து ஒரு நர்ஸ் எழுதியிருந்தாள். அந்த ஊரில் பாக்டரி இல்லை, வயல் இல்லை, ஈயோ கொசுவோ கொல்ல ஒரு சிட்டிகைப் பொடி யாரும் வாங்கினதில்லை. மீனும் கடல்நாயின் கொழுப்பும் தின்று வாழ்கிறவர்கள். மூன்று வருடமாகப் பனி உருகும்போதெல்லாம் பனிக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் வருகிறது. பாஷை புரியவில்லை; கோபம் புரிகிறது. காதில் விழுந்தபடியே எழுதியிருக்கிறேன், முதலில் வருவது விலாசமாக இருக்கலாம் என்று நினைத்து அனுப்புகிறேன். இங்கே ஒரு தாயின் பால் கெடுவதில்லை. அவள் மகன் பதினோரு மாதத்தோடு வளர்வதை நிறுத்திவிட்டான். இந்தக் குரலுக்குரியவள் என்ன கேட்கிறாள் என்று சொன்னால், எங்களிடம் இருப்பதைக் கொடுத்துவிடுகிறோம்.

கீழே நாலு வரி. நஸ்ருன்னிசா அதை இங்கிலீஷ் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்கப் படிக்க, தேவானையின் சாபம் நர்ஸின் வாயிலிருந்து வெளியே வந்தது. ஒரு சொல் மாறவில்லை. எங்கே மூச்சு வாங்கினாளோ அந்த இடத்தில்கூட ஒரு கோடு போட்டிருந்தது.

தேவானை தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒருத்தி ஒக்காந்து அழுவணும்னு நாந்தானே நர்ஸம்மா சொன்னேன்."

"உன் வாய் இல்ல தேவானை, அந்தப் பொடி. நீ சொல்லாட்டியும் அது அங்கதான் போயிருக்கும். அதுக்குக் குளிர்தான் கடைசி வீடு."

"பொடி அவனுது. வாயி என்துதானே?"

பதில் எழுதச் சொன்னாள். அது உனக்குச் சொன்னதில்லை தாயி, உன் பிள்ளைக்குச் சொன்னதில்லை, நீ எதுவும் கொடுக்க வேண்டாம். நஸ்ருன்னிசா இங்கிலீஷில் எழுதினாள். தேவானை கீழே கைநாட்டு வைத்தாள்.

பிறகு நேராகக் குடிசைக்குப் போய் வாசல் மண்ணை வலது கையால் ஒரு பிடி அள்ளினாள். இந்தத் தடவை அவன் முகத்துக்கு நேராக, மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று வீச வேண்டும், குறி தவறிப் போகவே கூடாது என்று அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி நடந்தாள். ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை. முருகையன் கேட்டைத் திறந்துவிட்டு, தான் பார்க்கவில்லை என்பதாக வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெள்ளைத்துரை காரில் ஏறப் போனவர் நின்றுவிட்டார். அவள் கையை ஓங்கினாள். ஓங்கிய கைக்குமேல் ஆடிக் காற்று சுழன்று அடித்தது. வாசல் சிமெண்ட் கொதித்தது. இதைத் திறந்தால் இவன் சட்டையில் கொஞ்சம் படும், இவன் தட்டிவிட்டுக் குளித்துவிடுவான், மிச்சம் கிளம்பிப் போகும், எங்கே போகும் என்பது இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது. கை அப்படியே நின்றது.

"கையில என்ன வச்சிருக்க?" என்றார் வெள்ளைத்துரை. கேட்டுக்கொண்டே அவர் ஓரடி பின்னால் போனதை முருகையன் பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறான்.

"உன்துதான்."

"கீழ போட்டுட்டுப் போயிரு. வேணும்னா போலீஸக் கூப்பிடமாட்டேன், போட்டுட்டுப் போ."

"எங்க போடட்டும்? நீதானே செஞ்ச, நீயே சொல்லு. மண்ணுல போட்டா மக்கல. தண்ணில போட்டா கரையல. நெருப்புல போட்டா பொகையாப் பூடும். எங்க போட்டா எவ புள்ளைக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு ஒரு எடம் சொல்லு, போட்டுட்டுப் போயிக்கினே இருக்கேன்."

வெள்ளைத்துரை தோட்டத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், வானத்தையும் ஒருமுறை பார்த்தார். அவ்வளவு பெரிய வியாபாரிக்கு ஒரு பிடி சரக்கை வைக்க இடம் தெரியவில்லை. காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

தேவானை கையை இறக்கினாள்; மூடிய விரல்களைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை திறக்கவில்லை. விரல் நகங்கள் வளர்ந்து உள்ளங்கைக்குள் மடிந்துவிட்டன. மீனை இடது கையால் வெட்டுகிறாள், எல்லம்மாவை வலது முழங்கையால் அணைத்து இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். குப்பத்தை ஒட்டிய பெசன்ட் நகரில் புதுக் கட்டடங்கள் வந்துவிட்டன. மார்கழியில் இப்போது அங்கேயும் பெய்கிறது, காலையில் எழுந்ததும் காரைத் துடைத்துக்கொள்கிறார்கள். பாக்டரி ஓடிக்கொண்டிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, ஆடியில், வடக்குக் கோடியிலிருந்து கடிதம் வரும். பையன் நன்றாக இருக்கிறான், பதினோரு மாதம் என்று இருக்கும். எல்லம்மா நன்றாக இருக்கிறாள், ஒன்பது மாதம் என்று இங்கிருந்து நஸ்ருன்னிசா எழுதிப் போடுவாள்.

தினமும் காலை பத்து மணிக்கு, வெள்ளைத்துரை காரில் ஏறுகிற நேரத்துக்கு, தேவானை அந்தக் கேட்டுக்கு எதிரே கூடையை இறக்குகிறாள். கையை மட்டும் அவர் பார்க்கிற மாதிரி வைத்துக்கொள்கிறாள். அவர் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. அவர் வீட்டைத் தவிர மற்ற வீடுகளில் எல்லோரும் அவளிடம் மீன் வாங்குகிறார்கள். அதிலும் பொடி இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். வேறு எந்த மீனில் இல்லை என்றும் தெரியாது. மீனையும் மீதிச் சில்லறையையும் அவள் இடது கையால்தான் கொடுக்கிறாள். வெள்ளிக்கிழமையில்கூட ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒருவரும் அதற்கு முகம் சுளித்ததில்லை.